'மௌன வசந்தம்' சொன்னதும் சொல்லாததும்

பூச்சிக்கொல்லி மருந்துகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு நூலின் பெயரும் உடன் எழுகிறது. அமெரிக்க உயிரியல் அறிஞர் ரேச்சல் கார்சன் அம்மையார் எழுதி, 1962 செப்டம்பரில் வெளிவந்த 'சைலன்ட் ஸ்பிரிங்' என்பதே அது. தமிழில் 'மௌன வசந்தம்' எனலாம். பறவைகளின் குரல் கேளாத வசந்த காலம் என்பது கருத்து. இந்நூலைப் போற்றுவோரும் உண்டு, தூற்றுவோரும் உண்டு. இரு சாராரிலும் நூலை முழுவதும் படிக்காமலே பேசுவோர் இருக்கிறார்கள். ஆகவே இதன் வலிமை எது, குறை எது என்பதை நாம் சற்று நிதானமாக ஆராய்வோம்.

அம்மையார் 1907-ஆம் ஆண்டு பிறந்தவர். அமெரிக்க அரசின் மீன், வனவிலங்குத் துறையில் பணியாற்றி, 1952-இல் விலகி எழுத்துப் பணியை மேற்கொண்டார். கொசுக்களை ஒழிக்க விமானத்திலிருந்து டி.டி.ட்டி. தெளித்த பிறகு தம் இடத்தில் பறவைகள் செத்து விழுந்தன என்று மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தோழி ஒருவர் 1958-இல் தெரிவித்தார். இந்நூலுக்குத் தூண்டுகோலானவற்றுள் அச்செய்தியும் ஒன்று. அப்போது டி.டி.ட்டி.யைக் குறை கூறுவது எளிதாக இருக்கவில்லை. அதன் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த பால் முல்லர் 1948-இல் நோபல் பரிசு பெற்றிருந்தார். 1943-இல் இத்தாலியில் பரவிய டைபஸ் காய்ச்சலை அடக்க அம்மருந்து உதவியதை அம்மையாரும் தம் நூலில் ஒப்புக்கொள்கிறார்.

ஏரியின் கணக்கு

நூலின் மிகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால், கலிபோர்னியாவிலுள்ள கிளியர் ஏரியின் வரலாற்றையே சுட்டிக் காட்டலாம். அங்கே மீன் பிடிக்க வருவோருக்குச் சிறு பூச்சிகள் தொல்லை கொடுத்தன. அவற்றை ஒழிக்க, டி.டி.ட்டி.க்கு நெருங்கிய உறவான ஒரு குளோரின் சேர்மத்தை 1949-இல் ஏரியில் கலந்தார்கள். அளவு மிக மிகச் சிறியது: 7 கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு மருந்து. பூச்சிகள் மீண்டும் தலையெடுக்கவே, 1954-இலும் 1957-இலும் 5 கோடிக்கு ஒரு பங்கு என்ற அளவில் கலந்தார்கள். 1954-ஐ அடுத்த குளிர்காலத்திலேயே ஏரியில் முக்குளிப்பான் பறவைகள் நூற்றுக்கு மேல் மடிந்தன. நோய்க்கிருமி எதுவும் அகப்படவில்லை. பறவையின் கொழுப்பைச் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. அதில் பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு மருந்து இருந்தது.

இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 5 கோடிக்கு 1 என்பது பத்து லட்சத்துக்கு 0.02 ஆகும். 1,600-ஐ 0.02-ஆல் வகுத்தால் 80,000 வருகிறது. அதாவது நீரில் இருந்ததைப்போல் 80,000 மடங்கு மருந்து பறவையின் உடலில் சேர்ந்துவிட்டது! மிதவை உயிர்களிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்குமாக அது படிப்படியே ஏறியிருக்கிறது. இச்சேர்மம் நீரில் எளிதில் கரைவதில்லை. கொழுப்பில் தங்கும், விரைவில் சிதையாது. ஆகவே உண்பவர் உடலில் அது சேமிப்பாகிவிடுகிறது. ஏரியில் முன்பு 1,000 இணைகளுக்கு மேல் இருந்த முக்குளிப்பான்கள் 1960-இல் சுமார் 30 இணைகளாகக் குறைந்தன.

ராபின் பறவையின் கதையும் இத்தகையதே. எல்ம் மரங்களின் நோயைப் பரப்பும் வண்டுகளைக் கொல்ல மரங்களின்மேல் டி.டி.ட்டி. தெளிக்கப்பட்டது. இலைகள் உதிர்ந்தன. மண்புழுக்கள் இலைகளைத் தின்றன. மறு வசந்தத்தில் ராபின்கள் மண்புழுக்களைத் தின்றன. பெரிய மண்புழுக்கள் பதினொன்று போதும், ஒரு ராபினைக் கொல்ல. மருந்து தெளித்தவர் குறிவைத்தது வண்டை, செத்ததோ பறவை. உணவுச் சங்கிலி என்னும் பாடத்தை இவ்வளவு தெளிவாக விளக்கும் பக்கங்கள் அரிது.

அன்று தெரியாத உண்மை

இனி, நூல் சொல்லாததற்கு வருவோம். அமெரிக்காவின் தேசியச் சின்னமான வெண்தலைக் கழுகு குறைந்து வருவதை அம்மையார் சுட்டிக் காட்டினார். புளோரிடாக் கடற்கரையில் கழுகுக் குஞ்சுகள் மிகவும் அரிதாகிவிட்டன. வலசை போகும் கழுகுகளிலும் இளம் பறவைகள் குறைந்தன. முதிர்ந்த பறவைகள் இருந்தும் குஞ்சுகள் இல்லை. இனப்பெருக்கத்தில் எங்கோ கோளாறு நேர்ந்திருக்கிறது என்றும், டி.டி.ட்டி. மீதே ஐயம் விழுகிறது என்றும் எழுதினார். ஆனால் அது எவ்வழியில் நடக்கிறது என்பதை 1962-இல் ஒருவரும் அறியார்.

அந்த வழியை 1967-இல் பிரிட்டிஷ் அறிஞர் டெரிக் ராட்கிளிஃப் காட்டினார். அரும்பொருட்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் இருந்த பழைய முட்டை ஓடுகளை எடைபோட்டு ஒப்பிட்டார். பைரி என்னும் வல்லூறின் முட்டை ஓடுகள், டி.டி.ட்டி. புழக்கத்துக்கு வந்த 1947-ஐ ஒட்டித் திடீரென்று மெலிந்திருந்தன. அமெரிக்க முட்டைகளிலும் இவ்வாறே இருப்பது 1968-இல் வெளியாயிற்று. டி.டி.ட்டி. உடலில் மாறுதலடைந்து டி.டி.ஈ. ஆகிறது. முட்டை ஓட்டுக்கு வேண்டிய கால்சியம் போய்ச் சேர்வதை அது தடுக்கிறது. தாய்ப்பறவை அடைகாக்க அமர்ந்ததும் ஓடு நொறுங்கிவிடுகிறது.

இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. முழு நிரூபணம் கிடைக்கும் வரை காத்திருப்பதா, கிடைத்த சான்றைக் கொண்டு கட்டுப்படுத்தத் தொடங்குவதா? அமெரிக்காவில் டி.டி.ட்டி.யின் வேளாண் பயன்பாடு 1972-இல்தான் தடை செய்யப்பட்டது. அதற்குள் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பைரி அற்றுப்போய்விட்டது. 1963-இல் அலாஸ்கா நீங்கலான பகுதியில் கணக்கிடப்பட்ட வெண்தலைக் கழுகு இணைகள் 417 மட்டுமே. கலிபோர்னியாவின் அனகாப்பா தீவில் 1970-இல் 552 கூழைக்கடா இணைகள் கூடு கட்டியும் ஒரே ஒரு குஞ்சுதான் பிழைத்தது. பத்தாண்டுத் தாமதத்துக்குப் பறவைகள் கொடுத்த விலை இது.

தடைக்குப் பின் நிலைமை மாறியது. அருகிவரும் உயிரினங்களுக்கான 1973-ஆம் ஆண்டுச் சட்டமும், கூண்டில் வளர்த்து வெளியே விடும் முயற்சியும் துணை நின்றன. பைரி 1999-இலும், வெண்தலைக் கழுகு 2007-இலும் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2007-இல் கழுகு இணைகள் 9,789 என்று கணக்கிடப்பட்டது.

நூலின் குறைகள்

குறைகளையும் மறைக்காமல் கூறுவோம். முதலாவது, நூலின் தொடக்கம். ஒரு கற்பனை ஊரில் எல்லாக் கேடுகளும் ஒருங்கே நிகழ்வதாக அம்மையார் வருணிக்கிறார். அப்படி ஓர் ஊர் இல்லை என்று அவரே சொல்லிவிடுகிறார். இருந்தும், "இது கட்டுக்கதை" என்று எதிராளிகள் கூற அதுவே வாய்ப்பளித்தது. கிளியர் ஏரி போன்ற உண்மைச் சான்றைக் கையில் வைத்திருப்பவருக்குக் கற்பனை ஊர் தேவையில்லை.

இரண்டாவது, புற்றுநோயைப் பற்றிய பகுதி. அன்று கிடைத்த சான்றுகளை விடக் குரல் அங்கே உரத்து ஒலிக்கிறது. டி.டி.ட்டி. 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கும்' என்ற பிரிவில் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தால் சேர்க்கப்பட்டது 2015-இல்தான். மூன்றாவது, பயிரைப் பூச்சிக்கு இழக்கும் உழவரின் துயரம் இந்நூலில் போதிய இடம் பெறவில்லை. மலட்டு ஆண் ஈக்களை விட்டுக் குரசாவ் தீவில் கால்நடை ஈயை 1954-இல் ஒழித்ததுபோன்ற மாற்று வழிகளை இறுதி அத்தியாயம் கூறுகிறது. ஆனால் சாதாரண உழவர் நாளைக் காலையில் என்ன செய்யலாம் என்பதற்கு விடை குறைவே.

மலேரியாக் குற்றச்சாட்டு

அம்மையாரால் டி.டி.ட்டி. தடைப்பட்டு, மலேரியா பெருகி, லட்சக்கணக்கானோர் மாண்டனர் என்று சிலர் கூறுகின்றனர். இதைச் சோதிக்க நம் நாடே போதும். இந்தியாவில் 1965-ஐ ஒட்டி ஆண்டுக்குச் சுமார் 1 லட்சமாகக் குறைந்திருந்த மலேரியா நோயாளிகள் 1976-இல் 64 லட்சத்துக்கு மேல் பெருகினர். அந்த ஆண்டுகள் முழுவதும் இங்கே டி.டி.ட்டி. பயன்பாட்டில்தான் இருந்தது! வேளாண்மையில் அதற்கு இங்கே தடை வந்தது 1989-இல். கொசு ஒழிப்புக்கு அப்போதும் விலக்கு இருந்தது. மலேரியா திரும்பியதற்குக் கொசுக்கள் பெற்ற எதிர்ப்பாற்றலும், திட்டத்தில் நேர்ந்த தளர்ச்சியும் முக்கியக் காரணங்கள்.

பூச்சிகளின் எதிர்ப்பாற்றலைப் பற்றி அம்மையார் ஒரு தனி அத்தியாயமே எழுதி எச்சரித்தார். பூச்சிக்கு ஓர் ஆண்டில் பல தலைமுறைகள். மருந்தைத் தாங்கியவை பிழைத்துப் பெருகும். கழுகுக்கோ ஆண்டுக்கு ஓரிரு குஞ்சுகளே. மருந்துக்கு ஈடுகொடுக்க அதற்குக் காலம் போதாது. ஆகவே கண்ட இடமெல்லாம் தெளித்தால், ஒழிய வேண்டியது தப்பும். காக்க வேண்டியது ஒழியும். மருந்தை அறவே பயன்படுத்தலாகாது என்று அவர் கூறவில்லை. சோதிக்காமல், அளவறியாமல் பயன்படுத்துவதையே கண்டித்தார்.

அந்தச் சோதனை இன்றும் ஒழுங்காக நடக்கிறதா? ஒரு மருந்தை அனுமதிக்குமுன் அருகிவரும் உயிரினங்களுக்கு அதனால் கேடு வருமா என்று வனவிலங்குத் துறையைக் கலந்து கொள்ள வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அனுமதி வழங்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், தன் முடிவுகளில் 5 சதவீதத்துக்கும் குறைவானவற்றிலேயே இக்கடமையை நிறைவேற்றி வந்ததாக 2022-இல் தானே ஒப்புக்கொண்டது. களைக்கொல்லிகளுக்கான பாதுகாப்புத் திட்டம் 2024-இலும், பூச்சிக்கொல்லிகளுக்கானது 2025-இலும்தான் இறுதி வடிவம் பெற்றன. இதற்கிடையே, பல்லாண்டுகளுக்கு முன் கடலில் கலந்த டி.டி.ட்டி. கடற்சிங்கங்களின் கொழுப்பில் தங்கி, அவற்றின் பிணங்களைத் தின்னும் கலிபோர்னியாக் காண்டார் கழுகுகளின் முட்டை ஓடுகளை இந்த நூற்றாண்டிலும் மெலியச் செய்திருக்கிறது.

எனவே மாணவர்களே, இந்நூல் கிடைத்தால் கட்டாயம் படியுங்கள். முதல் அத்தியாயத்தைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம். ஏரியின் வரலாற்றிலிருந்து தொடங்குங்கள். படித்து முடித்தபின், உங்கள் ஊர்க் கடையில் விற்கும் எந்த மருந்தைப் பற்றியும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். மண்ணிலும் நீரிலும் இது எத்தனை நாள் சிதையாமல் இருக்கும்? உடலில் தங்கிச் சேருமா? இங்குள்ள உணவுச் சங்கிலியின் மேற்படியில் நிற்கும் உயிர் எது, அது ஆண்டுக்கு எத்தனை குஞ்சு பொரிக்கும்? விற்பவரிடம் விடை கிடைக்காவிட்டால் வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள்.