நைஸா நழுவும் ஒரு சொல்

நண்பர் ஒருவர் தன் முதல் சிறுகதையை அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். 'நைஸ்' என்று பதில் போட்டேன். உண்மையில் கதை எனக்குப் பிடிக்கவில்லை. அதன்பின் அவர் எதையும் அனுப்பவில்லை.

இந்தச் சொல்லை 200 வருஷத்துக்கு முன்பே ஜேன் ஆஸ்டின் கூண்டில் ஏற்றிவிட்டார். அவர் இறந்த பின், 1817-ன் கடைசியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் ஆபி' நாவலில், பாத் நகரத்தை ஒட்டிய குன்றுக்கு மூன்று பேர் நடக்கிறார்கள. பதினேழு வயது கேத்தரின், ஆன் ராட்கிளிஃபின் 'உடால்ஃபோ' நாவலை உலகத்திலேயே நைஸான புத்தகம் என்கிறாள். ஹென்றி டில்னி விடுவதாயில்லை: நேர்த்தியைச் சொல்கிறாயா, அது பைண்டிங்கைப் பொறுத்தது என்று கிண்டலடிக்கிறான். நல்ல நாள், நல்ல நடை, நல்ல பெண்கள் என எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தானா என்பது அவன் புகார்.

சொல்லின் ஜாதகத்தைப் பார்த்தால் அவன் பக்கமும் உறுதியில்லை. லத்தீனில் இதன் மூலத்துக்கு 'அறியாத' என்று பொருள். 'சயின்ஸ்' பிறந்த அதே வேர், முன்னால் ஓர் 'இல்லை'. பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது 'முட்டாள்தனமான' என்றிருந்தது. பிறகு 'அளவுக்கு மீறி நுணுக்கம் பார்க்கிற', அப்புறம் 'துல்லியமான'. 'இனிமையான' என்பது 18-ம் நூற்றாண்டில்தான் பரவியது. ஹென்றி கட்டிக்காக்கிற 'சரியான' அர்த்தமும் ஒருகாலத்தில் புதுசாக வந்ததுதான்.

ஆஸ்டினின் சாமர்த்தியம் இனிமேல்தான். ஹென்றியின் தங்கை எலினார், அதே சொல்லைப் பழைய அர்த்தத்தில் எடுத்து அவன்மீதே வீசுகிறாள்: உனக்கு நுணுக்கம் இருக்கிற அளவுக்கு விவேகம் இல்லை என்று. அகராதியில் ஹென்றி ஜெயிக்கலாம். ஆனால் ஒரு சின்னப் பெண் தனக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றி ஆசையாகப் பேச வந்தாள். அது அவன் காதில் விழவில்லை. கேத்தரினின் சொல் தேய்ந்துபோனதுதான், ரசனை பொய்யில்லை.

நம்மூரில் மாவை 'நைஸா' அரைக்கிறோம். அந்த நுண்மை இன்னும் கிரைண்டரில் மிச்சமிருக்கிறது. 'நைஸா நழுவிட்டான்' என்றும் சொல்கிறோம். நான் நண்பருக்கு அனுப்பியது இந்த இரண்டாவது நைஸ். கேத்தரின் சொன்னதில் ரசனையாவது இருந்தது.

போன வாரம் அவருக்கு மறுபடி எழுதினேன்: அம்மா பாத்திரம் பேசும் இடமெல்லாம் உயிரோடு இருக்கிறது, கடைசிப் பக்கம் வேண்டாம் என்று. இரண்டு மணி நேரம் போனில் சண்டை போட்டார்.