நகையும் விலையும்: சவர அலகு விளம்பரக் காணொளி ஒன்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

அங்கதம் இயல்பாகவே மக்கள் சார்பானது என்னும் எண்ணம் முற்போக்கு விமர்சகர் பலரிடத்தே ஏறத்தாழ முடிந்த முடிபாக நிலவிவந்துள்ளது. அதிகாரத்தைப் பார்த்து நகைப்பவன் அதிகாரத்துக்கு எதிரானவனாகவே இருத்தல் வேண்டும் எனக் கொள்ளப்பட்டது. நகைக்குரிய நிலைக்களன்களுள் எள்ளலை முதலில் வைத்த தொல்காப்பியரோ, அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் வகுத்தவிடத்து, அது எவர் பக்கம் நிற்கும் எனக் கூறினாரல்லர். அது பிற்காலத்தோர் சேர்த்துக்கொண்டது. ஆடவரின் அன்றாட நுகர்பொருள்களை விற்கும் வேடிக்கைக் காணொளிகளை நோக்குமிடத்து இச்சேர்க்கையின் பலவீனம் தெளிவாகின்றது.

இவை ஆய்வுக்குரியனவா எனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பிரெஞ்சு விமர்சகர் ரோலன் பார்த் 1957இல் வெளியிட்ட தமது நூலிலே சலவைத்தூள் விளம்பரங்களை ஒரு காவியத்தை அணுகும் கவனத்துடன் ஆராய்ந்தார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். ஓமோ, பேர்சில் ஆகிய இரண்டும் எழுப்பும் வெவ்வேறு படிமங்களைப் பிரித்துக்காட்டிய அவர், அவ்விரண்டும் ஒன்றாகும் தளமும் ஒன்றுண்டு, அதுவே யூனிலிவர் நிறுவனம் என்று கட்டுரையை நிறுத்தினார். சன்லைட் சவர்க்காரத்தின் வாயிலாக நமது கிணற்றடி வரை வந்த அதே நிறுவனந்தான். அப்பெயர் இங்கும் பின்னர் வரும்.

நாம் எடுத்துக்கொள்ளும் காணொளி 2012 மார்ச்சில் அமெரிக்காவில் வெளியானது. ஒன்றரை நிமிடமே ஓடுவது. செலவு ஏறத்தாழ 4,500 டொலர் என்பர். டொலர் ஷேவ் கிளப் என்ற சிறு கம்பனியின் நிறுவனர்களுள் ஒருவரும் மேடை நகைச்சுவையிற் பயிற்சி பெற்றவருமான மைக்கேல் டூபின், தமது களஞ்சியத்தினூடே நடந்தவாறு, மாதம் ஒரு டொலருக்கு வீட்டுக்கே சவர அலகு வரும் என்கிறார். குழந்தை ஒன்று வளர்ந்தவரின் தலையை மழிக்கிறது. பொதி ஒட்டும் நாடா வெட்டுக்கத்தியால் அறுக்கப்படுகிறது. தடித்த சொற்கள் தாராளமாக வருகின்றன. புகழ்பெற்ற வர்த்தகப் பெயருக்காக மாதம் இருபது டொலர் கொடுப்பீராயின், அதிற் பத்தொன்பது டென்னிஸ் வீரர் ரொஜர் பெடரருக்கே போகிறது என்பது அவரது கேலி. முதல் இரண்டு நாள்களிலேயே பன்னீராயிரம் பேர் பதிவுசெய்தனர்.

இக்கேலியின் அடியில் உண்மையான மனக்குறை ஒன்று உண்டு. அதைக் காணாத விமர்சனம் வெறும் ஒழுக்கப் போதனையாகிவிடும். சவர அலகுச் சந்தையின் பெரும்பகுதி ஜில்லெட்டின் கையில் இருந்தது. அதனை 2005இல் புறொக்டர் அன்ட் காம்பிள் வாங்கியது. 1971இல் இரண்டு அலகு, 1998இல் மூன்று, 2006இல் ஐந்து என அலகுகள் பெருகின, விலையும் உயர்ந்தது. மனிதனின் தாடை மட்டும் அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் மாறவில்லை. ஏகபோக விலையின் கீழ் எரிச்சலுற்ற நுகர்வோன், தன் எரிச்சலைப் பிறர் உரத்துச் சொல்லக் கேட்டுச் சிரித்தான். இதில் போலித்தனம் ஏதுமில்லை.

ஆயினும் சிரிப்பு எவ்விடத்தே நின்றுவிடுகிறது என்பதே வினா. காணொளியின் நடுவே ஒரு காட்சி. தாங்கள் அலகு விற்பதோடு நில்லாது புதிய வேலைகளையும் உண்டாக்குவதாகக் கூறும் டூபின், அருகில் நிற்கும் பெண் தொழிலாளியை நோக்கிச் சென்ற மாதம் என்ன செய்தீர் என வினவுகிறார். வேலையில்லை என்கிறார் அவர். இப்போது? வேலை செய்கிறேன். உடனே இரயில்பாதை முதலாளி வாண்டர்பில்ட்டோடு தம்மை ஒப்பிட்டு நகையாடிவிட்டு முதலாளி நகர்ந்துவிடுகிறார். உழைப்பு என்பது இக்காணொளியில் வாய்திறந்து பேசும் ஒரே இடம் இதுதான். அங்கும் அது நன்றியாகவே பேசவைக்கப்படுகிறது. கூலி எவ்வளவு என்பது வினாவாக எழவில்லை. 2008 நெருக்கடிக்குப் பின்னர் வேலையின்மை எட்டு வீதத்துக்கு மேலிருந்த ஒரு நாட்டிலே, வேலையின்மை இங்கு நகைச்சுவைக்கான முன்னுரையாகப் பயன்படுகிறது. பெடரருக்குப் போவதாகச் சொல்லப்பட்ட பத்தொன்பது டொலரைக் கணக்கிட்ட எள்ளல், எஞ்சிய ஒரு டொலர் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதைக் கணக்கிடவில்லை.

இது தற்செயலன்று. நாம் காண்பது களஞ்சியமே ஒழியத் தொழிற்சாலையன்று. அலகுகளைச் செய்தது தென்கொரியாவின் டோர்கோ நிறுவனம். டொலர் ஷேவ் கிளப் வாங்கி விற்றது. சுற்றோட்டத்தின் ஆரவாரத்தை விட்டு உற்பத்தியின் மறைவிடத்துக்குள் இறங்குமாறு மார்க்ஸ் வாசகனை அழைத்தாரல்லவா? அம்மறைவிடத்தின் வாயிலைக்கூடப் படப்பிடிப்புக் கருவி எட்டவில்லை. இங்கு அங்கதம் செய்வது வணிக மூலதனம். அங்கதத்துக்கு உள்ளாவது அதனினும் பெரிய மூலதனம். பார்ப்போனோ இருவருக்கும் இடையே சிரித்தபடி நிற்கிறான். அக்காணொளியை நண்பர்களுக்கு அனுப்பிப் பரப்பும் வேலையையும் அவனே கூலியின்றிச் செய்கிறான்.

ஆண்மை பற்றியும் ஒரு சொல். புறொக்டர் அன்ட் காம்பிள் 2010இல் வெளியிட்ட ஓல்ட் ஸ்பைஸ் காணொளியில், அரையில் துவாலையுடன் நிற்கும் நடிகர் ஐசாயா முஸ்தபா, பெண்களை விளித்து, உங்கள் கணவன் நானாக முடியாது, என்னைப் போல் மணக்கலாம் என்கிறார். ஆண்மைப் படிமம் கேலி செய்யப்படுகிறது. கேலி செய்தவாறே விற்கவும்படுகிறது. விளம்பரத்தை நம்பாதவனுக்கு உரிய விளம்பரம் இது. நம்பாமையே அவனது பெருமிதமாக, அப்பெருமிதமே கொள்வனவுக்குக் காரணமாகிவிடுகிறது. பழிகரப்பு அங்கதத்தின் விந்தையானதொரு தலைகீழாக்கம் எனலாம்: ஈண்டுக் கரந்து நிற்பது பழியன்று, புகழே.

பின்னர் நிகழ்ந்தவற்றை விரைந்து கூறலாம். 2016இல் யூனிலிவர் அக்கம்பனியை வாங்கியது. விலை நூறு கோடி டொலர் எனச் செய்திகள் தெரிவித்தன. 2017இல் ஜில்லெட் அமெரிக்காவில் தன் விலைகளைக் குறைத்தது. நுகர்வோனுக்குக் கிட்டிய இந்நன்மையை மறுப்பதற்கில்லை. 2023இல் யூனிலிவர் தன் பெரும்பகுதிப் பங்கை நெக்ஸஸ் என்னும் முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாற்றியது.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்கும் கிங் காம்ப் ஜில்லெட் இவர்களனைவரினும் விசித்திரமானவர். அலகை ஆக்குவதற்கு முன்னரே, 1894இல், ‘மானிட ஓட்டம்’ எனப் பொருள்படும் பெயரில் நூலொன்று எழுதினார். போட்டியே சமுதாயத் தீமைகளின் வேர் என்பதும், மக்களுக்கே உரிய ஒரே கூட்டுநிறுவனம் உற்பத்தி முழுவதையும் ஏற்கவேண்டும் என்பதும், நயாகராவின் நீர்வலுவில் இயங்கும் ஒரே மாநகரில் மக்கள் வாழவேண்டும் என்பதும் அதன் கருத்துகள். வர்க்கப் போராட்டத்தை அறியாத கற்பனாவாதந்தான். ஒன்பதாண்டுகளின் பின், 1903இல், அவரது கம்பனி விற்பனையைத் தொடங்கிய முதலாண்டில் 51 சவரக்கருவிகளும் 168 அலகுகளும் விலைபோயின. டூபினின் காணொளியில் ஒற்றையலகால் மழித்த பாட்டனாரையும் அவரைப் பீடித்த இளம்பிள்ளை வாதத்தையும் பற்றிக் கேலி உண்டு. அந்நூலைப் பற்றிக் கேலிகூட இல்லை.