நேர்த்தையலில் ஒரு வட்டம்

வளைத்து ஒரு தையல்கூடப் போடாமல் துணியில் வட்டம் வருமா? வரும்! கர்வ்டு லாக் கேபின் பிளாக்கைத் தைத்துப் பாருங்கள். ஒட்டுத்துணி வேலையில் என்னை இந்த அளவுக்குக் கிறங்கடித்தது வேறில்லை.

1860களில் அமெரிக்க வீடுகளில் பரவிய லாக் கேபின் கில்ட்டின் வழிவந்தது இது. நடுவே ஒரு சதுரம், அதைச் சுற்றித் துணிப்பட்டைகள். இரு பக்கம் வெளிர் நிறம், இரு பக்கம் அடர் நிறம். நடுச்சதுரத்தைச் சிவப்பில் வைத்து அதைக் கணப்படுப்பு என்பார்கள் அங்கே. என் ஓட்டும் சிவப்புக்குத்தான்! கர்வ்டு வகையில் வெளிர் பட்டை ஒடுங்கும், அடர் பட்டை அகலும். கோட்டை வளைப்பது அந்த ஏற்றத்தாழ்வுதான்.

நடுச்சதுரத்தை 1½ அங்குலத்துக்கு வெட்டுங்கள். வெளிர் பட்டையின் அகலம் 1 அங்குலம், அடர் பட்டை 1½. முதல் சுற்றுக்கு நீளம் வெளிரில் 1½, 2; அடரில் 2, 3. அடுத்தடுத்த சுற்றுக்கு எல்லாவற்றிலும் 1½ கூட்டினால் போதும். எவ்வளவு அழகான கணக்கு! நான்கு சுற்று முடிந்தால் பிளாக் 7½ அங்குலம் நிற்கும்.

பட்டைகளை முன்கூட்டியே நீளம் பார்த்து வெட்டிவிடுங்கள். நீளப் பட்டையைத் தைத்துவிட்டு அப்புறம் நறுக்கினால் பிளாக் கோணிக்கொள்ளும். காட்டனுக்கு லேசாகக் கஞ்சி போட்டு, பாவு வாக்கில் வெட்டினால் பட்டை இழுபடாது. தையல் ஓரம் சரியாகக் கால் அங்குலம் இருக்கட்டும். ஒவ்வொரு தையலிலும் 1/32 அங்குலம் கூடினாலே, குறுக்கே வரும் எட்டுத் தையலில் அரை அங்குலம் காணாமல் போகும்! ஒவ்வொரு பட்டைக்கும் இஸ்திரி கட்டாயம். பெட்டியைத் தேய்த்து இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். தையல் ஓரம் வெளிப்பக்கம் படியட்டும். நிறத்தில் சந்தேகமா? துணிகளைச் செல்போனில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுங்கள், வெளிரும் அடரும் பளிச்சென்று பிரிந்துவிடும்.

நான்கு பிளாக் ஆனதும் தரையில் பரப்புங்கள். அடர் மூலைகள் நடுவில் கூடினால் வட்டம்! அப்படியே திருப்பி வெளிர் மூலைகளை உள்ளே வைத்தால் நான்கு முனை நட்சத்திரம்! இணைத்துத் தைக்க அவசரமே படாதீர்கள். திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்கும் அந்த ஆட்டத்துக்காகவே இன்னும் நான்கு தைக்கலாம்.