சபாவில் ஒரு பொதுத்தேர்தல்: சிரிப்பு, சின்னம், கூட்டணி தர்மம்

1

சோவின் 'முகமது பின் துக்ளக்' 1968இல் மேடையேறியது. 1971இல் படமாகவும் வந்தது. அதை 'அரசியல் நையாண்டி' என்று வகைப்படுத்தி அலமாரியில் ஏற்றிவிடுவது நம்மிடையே வழக்கம். நையாண்டி என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்தப் பிரதியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அப்படிச் சிரிக்க வேண்டுமானால் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிற இரண்டு கேள்விகளை மட்டும் இங்கே கேட்க நினைக்கிறேன். சோ 2016இல் காலமாகிவிட்டார். அவருடைய பத்திரிகையோடு எனக்கிருக்கும் பழைய சண்டையை இங்கே தொடரப் போவதில்லை.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். கல்லறையிலிருந்து உயிரோடு எழுந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டு துக்ளக்கும் இபன் பதூதாவும் நம் காலத்து இந்தியாவுக்கு வருகிறார்கள். பொதுத்தேர்தல் நடக்கிறது. துக்ளக் பிரதமராகிறான். பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறான். கட்சி தாவி வருகிற உறுப்பினர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி கொடுக்கிறான். உண்மையில் இருவரும் நம் காலத்து மனிதர்கள், மக்களுக்குப் பாடம் புகட்ட வேஷம் கட்டியவர்கள் என்பது பிற்பாடு தெரிய வருகிறது. ஒருவன் உண்மையைச் சொல்லத் துணிகிறபோது பதவி ருசி கண்ட மற்றவன் மறுக்கிறான். மக்கள் நம்புவது பதவியில் இருப்பவனைத்தான்.

நான் இதைச் சபாவில் பார்த்தவனில்லை. எண்பதுகளில் மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் என் அம்மா பாத்திரம் தேய்த்த வீடு ஒன்றில், வாடகை வீடியோ டெக்கில், நிலைப்படியை ஒட்டி உட்கார்ந்து படமாகப் பார்த்தேன். கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, நானும் சிரித்தேன். தாவி வருகிற ஒவ்வொருவனும் துணைப் பிரதமராகிற இடத்தில் வயிறு வலிக்கச் சிரித்தேன். ராத்திரி மந்தைவெளிக் கால்வாய்க் கரைக்குத் திரும்பி நடக்கும்போது அம்மா கேட்டாள்: 'அதுல சிரிக்கிறதுக்கு இன்னாடா இருக்குது? எல்லாருக்கும்தான குடுக்கறான்?'

பள்ளிப் பையனுக்கு அது அறியாமையாகத்தான் பட்டது. 'உனக்குப் புரியலம்மா' என்றேன். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு இப்போது பிரதியிடம் திரும்புகிறேன்.

2

நாடகம் எழுதப்பட்ட தருணம் முக்கியம். 1967இல் வடக்கே பல மாநிலங்களில் காங்கிரஸ் ஆட்சி சரிந்து கூட்டணி அமைச்சரவைகள் வந்தன. ஹரியானாவில் கயா லால் என்கிற உறுப்பினர் பதினைந்து நாளைக்குள் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்கிற தொடர் அங்கிருந்துதான் கிளம்பியது. துணைப் பிரதமர் நகைச்சுவைக்கு உடனடிப் பின்புலம் இதுதான்.

ஆனால் தமிழ்நாட்டில் 1967 வேறொன்றாக இருந்தது. இங்கே காங்கிரஸை வீழ்த்தியது தேர்தலுக்கு முன்பே கட்டப்பட்ட ஒரு கூட்டணி. தி.மு.க., ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்டுகள், முஸ்லிம் லீக், ம.பொ.சி. என்று ஒன்றோடொன்று ஒட்டாத சக்திகள் ஒரே மேடையில் ஏறின. ஒரு கையால் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உதயசூரியனுக்குப் போடுங்கள் என்று ராஜாஜி சொன்னதாக ஒரு பேச்சு இன்றும் வழங்குகிறது. அண்ணாதுரை அந்தத் தேர்தலில் வென்ற மக்களவைத் தொகுதி தென்சென்னை. முதலமைச்சரானதும் அவர் அதைவிட்டு விலக, இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வந்தார்.

ஆக, சபா நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த வர்க்கத்தின் தலைவர் அப்போதுதான் ஒரு கூட்டணியைக் கட்டி முடித்திருந்தார். மறு வருஷமே அதே நாற்காலிகளில் கூட்டணியும் தாவலும் கேலிப்பொருளாகின்றன. பிரதிக்குள் பேரம் பேசுகிறவர்கள், மொழிவெறி பிடித்தவர்கள், பதவிக்கு அலைகிறவர்கள் எல்லோரும் மேடையில் இருக்கிறார்கள். பார்வையாளருக்கு அங்கே பாத்திரம் இல்லை. அவர் தேர்தலுக்கு வெளியே, அறத்தின் பக்கம் உட்கார வைக்கப்படுகிறார். இந்த ஏற்பாடுதான் அந்தச் சிரிப்பைச் சாத்தியமாக்குகிறது என்று எனக்குப் படுகிறது. நிலைப்படியில் உட்கார்ந்து நானும் சிரித்தேனென்றால், அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கும் கூடத்தில் இடம் கிடைத்ததாக நினைத்துக்கொண்டேன் என்பதுதான் பொருள்.

கிரீஷ் கர்னாட் 1964இல் கன்னடத்தில் எழுதிய 'துக்ளக்'கை இதனருகே வைத்துப் பார்க்கலாம். அங்கே சுல்தான் ஒரு லட்சியவாதி. அவன் வீழ்ச்சியில் நேரு யுகத்தின் ஏமாற்றத்தைப் பலர் வாசித்தார்கள். அதிகாரம் தன்னைத்தானே தின்னும் துயரம் அது. சோவிடம் சுல்தான் ஒரு முகமூடி. முகமூடியைக் கழற்றினால் உள்ளே நல்லெண்ணம் கொண்ட படித்த இளைஞன். அவன் கெட்டுப்போவதற்குக் காரணமாகக் காட்டப்படுவது பதவியும் ஏமாளி ஜனங்களும். ஜனங்கள் ஏன் அப்படி வாக்களிக்கிறார்கள் என்ற கேள்விக்கு அந்தப் பிரதியில் 'முட்டாள்கள்' என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

3

நண்பர்கள் இந்த இடத்தில் மறிப்பார்கள். துணைப் பிரதமர் நகைச்சுவை உண்மையாகத்தானே போயிற்று? 1997இல் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் ஆட்சியைக் காப்பாற்ற 90க்கும் மேற்பட்ட அமைச்சர்களை வைத்துக்கொள்ளவில்லையா? வாஸ்தவம். 1985இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. 2003இல் 91ஆவது திருத்தம் அமைச்சரவையின் அளவை அவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காடு என்று கட்டுப்படுத்தியது. மேடையில் சொன்ன ஜோக்கைத் தடுக்க அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டி வந்தது. இந்தத் தீர்க்கதரிசனத்தை நான் மறுக்கவில்லை.

ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு எது படுகிறது, எது படவில்லை என்று பாருங்கள். ஒரு உறுப்பினர் கட்சி மாறினால் தாவல், பதவி பறிபோகும். கட்சியே முழுசாக அணி மாறினால் அதற்குப் பெயர் வியூகம். இந்த இரண்டாவது வகைக்கு என் தொகுதியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தென்சென்னையில் 1996, 1998, 1999, 2004 என்று நான்கு பொதுத்தேர்தல்களில் தொடர்ந்து வென்றவர் டி.ஆர். பாலு. சின்னம் நான்கு முறையும் உதயசூரியன். 1996லும் 1998லும் அது மூப்பனாரின் த.மா.கா.வோடு சேர்ந்து நின்ற சூரியன். 1999இல் பா.ஜ.க.வோடு நின்ற சூரியன். 2004இல் காங்கிரஸோடும் இடதுசாரிகளோடும் நின்ற சூரியன். எதிரணியும் இதற்கு இளைத்ததில்லை. 1998இல் பா.ஜ.க.வோடு சேர்ந்த அணியாக 30 தொகுதிகளை வென்ற அ.தி.மு.க.தான், 1999 ஏப்ரலில் ஆதரவை விலக்கி, ஒரே ஒரு ஓட்டில் வாஜ்பாய் ஆட்சி கவிழக் காரணமானது.

வேடிக்கை என்னவென்றால், 1996இல் தி.மு.க.–த.மா.கா. கூட்டணி உருவானதில் சோவுக்கும் பங்குண்டு. கூட்டணியைக் கேலி செய்த கலைஞர் கூட்டணித் தச்சராகவும் இருந்தார். இதை முரண்பாடு என்று பிடித்துக்கொண்டு குதிக்க வேண்டியதில்லை. நல்லவர்கள் கட்டினால் வியூகம், மற்றவர்கள் கட்டினால் பேரம் என்கிற பாகுபாடு நாடகத்திலேயே இருக்கிறது. 2006இல் மயிலாப்பூர் தன் சட்டமன்ற உறுப்பினராக நாடகக்காரர் எஸ்.வி. சேகரை அ.தி.மு.க. சார்பில் அனுப்பி வைத்தபோது, சபாவுக்கும் கோட்டைக்கும் நடுவே இருந்த திரையும் போய்விட்டது.

4

இதுவரை எழுதியதை வைத்து என்னைக் கூட்டணியின் வக்கீல் என்று நினைத்துவிட வேண்டாம். 'எல்லாருக்கும்தான குடுக்கறான்?' என்று அம்மா கேட்டதில் ஒரு அரசியல் நியாயம் இருக்கிறது. தனியாக நின்றால் ஒருபோதும் பெரும்பான்மை ஆக முடியாதவர்களுக்குக் கூட்டணி என்பது சபைக்குள் நுழைய இருக்கிற ஒரே சந்து. அந்தச் சந்தில் நுழைகிறவர்களிடம் சுங்கமும் வசூலிக்கப்படுகிறது.

1999ஐ எடுத்துக்கொள்வோம். அதுவரை தேர்தலைப் புறக்கணித்த விடுதலைச் சிறுத்தைகள் முதல்முறையாகப் போட்டியிட்டார்கள். த.மா.கா. அணியில், சைக்கிள் சின்னத்தில், சிதம்பரத்தில் திருமாவளவன் நின்றார். தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. வாக்களிக்கப் போனவர்கள் தடுக்கப்பட்டார்கள். அப்படியும் 2 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் விழுந்தன. வென்றது பா.ம.க. அது அப்போது இருந்தது சூரியன் இருந்த அணியில்.

அன்றைக்கு மந்தைவெளியில் மாநகராட்சிப் பள்ளியில் அம்மா ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். அவளிடம் சண்டை போட்டேன். 'யாருக்குப் போட்ட?' 'சூரியனுக்குத்தான். எப்பவும் அதான?' 'சூரியன் கூட யார் நிக்கறாங்க தெரியுமா? சிதம்பரத்துல நம்ம ஜனங்களை அடிக்கிறவன் நிக்கற பக்கமும் அதான்.' கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். 'சின்னந்தான்டா பொட்டியில இருந்துச்சு. கூட நிக்கறவங்க அதுல இல்லியே' என்றாள்.

சின்னம் பற்றி நான் படித்த எந்தக் குறியியல் கட்டுரையும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. வாக்குச்சீட்டு ஒரு குறியைத்தான் காட்டுகிறது. அந்தக் குறி அந்த வருஷம் எதைக் குறிக்கிறது என்பது தி. நகரிலோ டெல்லியிலோ ஏதோ ஒரு அறையில், தொகுதிப் பங்கீட்டுத் தாளில் தீர்மானமாகிவிடுகிறது. வாக்காளரை முட்டாள் என்று சொல்லும் நாடகம் இந்த அறையைக் காட்டுவதில்லை. அங்கே அது காட்டுவது ஆட்களின் பேராசையை. குறிக்கும் பொருளுக்கும் நடுவே நடக்கும் இந்தக் கைமாற்றை அது தொடவில்லை.

சிறுத்தைகளின் பிற்கால வரலாறு இந்தக் குறியைச் சுற்றித்தான் நடந்தது. 2001இல் திருமாவளவன் மங்களூரில் வென்றது உதயசூரியனில். 2004இல் அந்தப் பதவியைத் துறந்தார். 2019இல் அதே தி.மு.க. கூட்டணியில் இருந்துகொண்டே அவர் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் நின்று 3,219 வாக்குகளில் வென்றார். அவர் தோழர் ரவிக்குமார் விழுப்புரத்தில் சூரியனில் நின்றார். 2024இல் இருவருமே பானையில் வென்றார்கள். அடுத்தவர் சின்னத்திலிருந்து தன் சின்னத்துக்கு வந்து சேர ஒரு கட்சிக்கு இருபத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது. இதைப் பேரம் என்று சொல்லிச் சிரிக்க என்னால் முடியவில்லை.

அதே சமயம் 'கூட்டணி தர்மம்' என்கிற சொல்லாடலையும் விட்டுவைக்கக் கூடாது. தர்மத்தைச் சந்தேகித்துப் பிறந்த இயக்கங்களின் வாயில் இந்தச் சொல் எப்படி இவ்வளவு இயல்பாகக் குடியேறியது? 2002 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடிப் பொடாவை நிறைவேற்றியபோது தி.மு.க.வும் ம.தி.மு.க.வும் ஆளும் கூட்டணியில் இருந்தன. அதே ஜூலையில் ஜெயலலிதா அரசு வைகோவைக் கைது செய்தது பொடாவில்தான். குஜராத் படுகொலை நடந்த அதே 2002இல் தி.மு.க. அமைச்சர்கள் டெல்லியில் பதவியில் இருந்தார்கள். 2003 டிசம்பரில்தான் வெளியே வந்தார்கள். தர்மம் என்ற சொல் அந்த மௌனத்துக்குப் போட்ட போர்வை. வருணத்துக்கு எது தர்மம் என்று ஒரு காலத்தில் யாரோ தீர்மானித்ததைப் போலவே, கூட்டணிக்கு எது தர்மம் என்பதையும் பெரிய கட்சிதான் தீர்மானிக்கிறது. சின்னக் கட்சிக்கு அது கடமை மட்டும்தான்.

5

கடைசியாக எங்கள் கால்வாய். பக்கிங்காம் கால்வாய் மேலே பறக்கும் ரயில் 1997இல் திருமயிலை வரை வந்தது. 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி. ரயில், சாலை, அழகுபடுத்தல், வெள்ளத் தடுப்பு என்று ஒவ்வொரு காலத்திலும் ஒரு காரணம் சொல்லிக் கரைகளிலிருந்து ஆட்களை எடுத்தார்கள். 2000 வாக்கில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக்காரர்களுக்குப் பெரும்பாக்கம். கோட்டையில் யார் இருந்தாலும் லாரிகள் வந்தன. அம்மாவும் அந்த லாரிகளில் ஒன்றில் ஏறியவள்தான். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவின் பேரில் வீடுகளை இடித்தபோது ஒரு முதியவர் தீக்குளித்து இறந்துபோனார்.

எதிரும் புதிருமான அணிகள் எத்தனை முறை மாறி மாறி அமைந்தாலும் எங்கள் விஷயத்தில் மட்டும் ஒரு குறைந்தபட்ச பொதுத்திட்டம் இருந்திருக்கிறது. அது எந்தத் தேர்தல் அறிக்கையிலும் அச்சாகவில்லை. அணிகளுக்கிடையே உள்ள வித்தியாசமெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பா.ஜ.க. இருக்கிற அணிக்கும் இல்லாத அணிக்கும் வித்தியாசம் உண்டு, அது சில பேருக்கு உயிர்ப் பிரச்சினை. ஆனால் அந்த வித்தியாசத்தைக் காட்டியே எங்கள் கேள்வியை ஒவ்வொரு முறையும் அடுத்த தேர்தலுக்குத் தள்ளிவைக்கிறார்கள். 'இப்ப இது முக்கியம் தோழர், உங்களது அப்புறம்.' இதை நானே கண்ணகி நகரில் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறேன். அதற்கான வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

2008 தொகுதிச் சீரமைப்பில் சோழிங்கநல்லூர் தென்சென்னைக்குள் வந்துவிட்டது. ஆகவே கால்வாய்க் கரையிலிருந்து பல மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்ட பிறகும் அம்மா அதே மக்களவைத் தொகுதியின் வாக்காளர்தான். வேலைக்கு மட்டும் இரண்டு பஸ் மாறி மயிலாப்பூருக்கு வந்துகொண்டிருந்தாள், கால் முடியாமல் போகும் வரை.

சமீபத்தில் அவளோடு உட்கார்ந்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். துணைப் பிரதமர் காட்சி வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, இந்த முறை பாதியில் நின்றது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: 'இத்தினி பேருக்குக் குடுத்தானே, அதுல கால்வா ஓரத்து ஆளு ஒருத்தனாச்சும் இருந்தானா?'

நம் கூட்டணிக் கணக்குகளை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.