தொட்டி நிழலும் சின்ன இன்வெர்ட்டரும்

திருப்பதிக்கு வடக்கே திருமலை. அதனால் தெற்கு பார்த்த சோலார் பேனல்மேல் மலையின் நிழல் விழுவதில்லை. விழுவதெல்லாம் தண்ணீர்த் தொட்டி நிழலும் பக்கத்து வீட்டுத் தென்னை நிழலும்தான். மைக்ரோ இன்வெர்ட்டரின் அழகு அங்கே தெரியும். ஒவ்வொரு பேனலுக்கு அடியிலும் ஒன்று உட்கார்ந்து, டி.சி. மின்சாரத்தை அங்கேயே ஏ.சி.யாக்கிவிடுகிறது. ஒரு பேனல் நிழலில் சோர்ந்தாலும் மற்றவை முழுதாக உழைக்கின்றன. பேனல்களைத் தொடராகக் கோத்து ஒரே இன்வெர்ட்டரில் இணைக்கும் ஸ்ட்ரிங் முறையில் ஒன்றின் குறை வரிசையையே இழுக்கும். பைபாஸ் டயோடு ஓரளவுதான் காப்பாற்றும். 10 பேனலைத் தொடராகக் கோத்தால் ஏறத்தாழ 400 வோல்ட் டி.சி. மாடியில் ஓடும், மைக்ரோவில் அந்தப் பயமில்லை. எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

ஆனால் சித்தூர்ப் பக்கம் நிழலே படாத மாடிகளுக்கு ஸ்ட்ரிங்கே போதும். விலை குறைவு. இன்வெர்ட்டர் சுவரில் கையெட்டும் உயரத்தில் இருப்பதால், பழுதானால் மே மாத வெயிலில் மாடியேறிப் பேனலைக் கழற்ற வேண்டியதில்லை.