பாட்டும் கூலியும்

பக்திப் பாட்டு இயற்றுவோரை மதிப்பிடுங்கால் நம்மவரிடம் இரண்டு மயக்கங்கள் காணப்படுகின்றன. பாடுவோர் நல்லவராயின் பாட்டும் நன்றென்று கொள்வது ஒன்று. ஊரெங்கும் ஒலிக்கும் பாட்டே அவர் பாட்டுகளில் தலையாயதென்று முடிவு செய்வது மற்றொன்று. இவ்விரண்டையும் தேர்ந்தறிய, அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடகர் ரிச் முல்லின்ஸின் வாழ்வு தக்கதோர் உரைகல்லாகும்.

1955ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் பிறந்த இவர், குவேக்கர் வழிபாட்டின் சாயலில் வளர்ந்தவர். 1982இல் ஏமி கிராண்ட் என்னும் பாடகி இவருடைய பாட்டொன்றைப் பாடி வெளியிட்டார். இவர் பெயரும் வெளியே தெரிந்தது. 1986 முதல் தம் பெயரிலேயே இசைத்தட்டுகள் வெளியிட்டார். 1988இல் வந்த 'ஆசம் காட்' என்ற பாட்டு கோயில்தோறும் பரவிற்று.

அப்பாட்டை நாம் உயர்ந்ததெனக் கொள்ளோம். அதன் சரணங்கள் ஏறக்குறைய வெறும் பேச்சாகவே ஓடுகின்றன. இடியையும் தீர்ப்பையும் காட்டிக் கேட்போரை அதட்டுகின்றன. கூட்டம் சேர்ந்து பாடும் பல்லவியே அதைத் தூக்கி நிறுத்துகிறது. தாம் எழுதியவற்றுள் அமைப்பில் மிக மோசமானவற்றில் அதுவும் ஒன்றென்று அவரே கூறியதுண்டு.

அவருடைய உண்மையான ஆற்றலை 1993இல் வந்த தொகுதியில் காணலாம். அதில் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை, கோல்களால் தட்டி வாசிக்கும் தந்தி வாத்தியத்துடன் இசைத்திருக்கிறார். 'ஹோல்ட் மீ ஜீசஸ்' என்ற பாட்டிலோ, சரணடைதல் தமக்கு எளிதில் வாய்க்கவில்லை என்பதை மறைக்காது சொல்கிறார். இங்கே அதட்டல் இல்லை. கேட்போனுக்கு அருகில் அமர்ந்து ஒருவன் பாடுகிறான்.

தோட்டத்துக் கிராணிகளாகிய நாம் மாதந்தோறும் செக்ரோல் எழுதுகிறோம். ஒருவன் உழைத்ததற்கும் பெற்றதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை அத்தாள் நமக்குக் காட்டும். முல்லின்ஸின் கணக்கோ தலைகீழானது. அவருடைய வருவாயைத் திருச்சபை மூப்பர்கள் வாங்கி, அமெரிக்கத் தொழிலாளி ஒருவனுடைய சராசரிச் சம்பளத்தை மட்டும் அவருக்குக் கொடுத்து, எஞ்சியதை அறத்திற்குச் செலவிட்டார்கள். 1995இல் அவர் நவஹோ மக்களின் நிலப்பகுதிக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள சிறுவர்களுக்கு இசை கற்பித்தார்.

இதனால் மட்டும் பாட்டு நன்றாகிவிடுமோ எனின், ஆகாது. அதே மனிதர்தாம் அதட்டும் பாட்டையும் எழுதினார். ஆயினும் சம்பளத்தில் பிறரோடு சமமாக நிற்க விரும்பிய மனமே, அவருடைய சிறந்த பாட்டுகளிலும் கேட்போனுக்குச் சமமாக நிற்கிறது என்பது நமது துணிபு.

1997 செப்டம்பர் 19ஆம் நாள், இல்லினாய் மாநிலத்தில் நேர்ந்த வாகன விபத்தில், தமது 41ஆம் வயதில் அவர் மாண்டார். அதற்குச் சில நாட்கள் முன்னர், கைவிடப்பட்ட கோயிலொன்றில் சாதாரண ஒலிநாடாக் கருவியைக் கொண்டு புதிய பாட்டுகளைப் பதிந்திருந்தார். 1998இல் அவை இரு தட்டுகளாக வெளிவந்தன. ஒன்றில் அந்த ஒலிநாடாப் பதிவு அப்படியே இருக்கிறது. மற்றொன்றில் பேர்பெற்ற பாடகர்கள் அவற்றை மெருகேற்றிப் பாடியிருக்கின்றனர். இரண்டையும் கேட்ட நாம் முதலாவதையே விரும்புகிறோம். இரைச்சல் கலந்த அக்குரலில் யாரையும் மயக்கும் முயற்சி இல்லை.

துறவைப் பாடித் தொகை பேசும் பாடகர்கள் எம்மதத்திலும் உளர். வாசகர்களே, அவர்களுடைய பாட்டைக் கேட்பதோடு கணக்கையும் கேளுங்கள். கணக்குச் சரியாக இருப்பினும், பாட்டைத் தனியே நிறுத்துப் பாருங்கள்.