நூறு பேர் சேர்ந்தால்தான் ஓவியமா?

தொடக்கப் பள்ளியின் கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள். தமிழ் உண்டு, ஆங்கிலம் உண்டு, கணக்கு உண்டு, அறிவியலும் சமூக அறிவியலும் உண்டு. அவற்றின் ஓரத்திலே, கலியாண வீட்டின் கடைசிப் பந்திபோல, ஓவியம், இசை, கைவேலை, உடற்கல்வி எனச் சில கட்டங்கள் ஒதுங்கி நிற்கும். கட்டத்திலே பெயர் இருக்கிறது. அந்தப் பாடவேளையிலே பிள்ளை கற்பது என்ன? இந்த ஒரு கேள்வியை ஆராய்வதே நமது நோக்கம்.

விழுப்புரத்துக்கு மேற்கே இருக்கிறது கெடார். சுற்றிலும் நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் சிற்றூர்கள். உழைத்து உண்ணும் மக்களின் பிள்ளைகளே இத்தகைய ஊர்களின் அரசுப் பள்ளிகளை நிரப்புகின்றனர். அங்கெல்லாம் ஓவிய வகுப்பு எப்படி நடக்கிறது? கரும்பலகையிலே இரண்டு மலைகள், நடுவே உதிக்கும் கதிரவன், ஒரு குடிசை, ஒரு தென்னை. அதைப் பார்த்து முப்பது பிள்ளைகள் முப்பது படிகள் எடுக்கின்றனர். தாயோடு கொல்லைக்குச் சென்று மணிலாச் செடியைப் பிடுங்கி, வேரடியிலே காய்கள் தொங்குவதைக் கண்ட பிள்ளை அந்த வகுப்பிலே அமர்ந்திருக்கிறது. அதன் ஏட்டிலே மணிலாச் செடி இல்லை. காணாத மலையை வரையக் கற்கிறது. கண்ட செடியை வரையக் கற்கவில்லை. ஓவியம் என்பது கண்ணுக்குத் தரும் பயிற்சி. இங்கோ கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் ஓட்டுகிறோம்.

இசை வகுப்பு? பாடநூற் பாட்டை உரத்த குரலில் ஒருசேரக் கூவுவதோடு முடிகிறது. கைவேலை? கடையிலே அச்சிட்ட படம் வாங்கி ஏட்டில் ஒட்டினால் மதிப்பெண். உடற்கல்வி? வரிசையில் நில், கையைத் தூக்கு, கையை இறக்கு. கணக்குப் பாடம் முடியாத நாளில் அதுவும் இல்லை.

ஆசிரியரைக் குறை கூறுவது எளிது. அது நீதியாகாது. அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பது 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அளவு. வகுப்போ ஐந்து. ஒருவர் மூன்று வகுப்புகளை ஒரே கூடத்தில் வைத்துக்கொண்டு எழுத்தும் எண்ணும் கற்பிக்கும்போது, இசையும் ஓவியமும் கற்பிக்க அவருக்கு நேரம் ஏது? அவற்றைக் கற்பிக்க அவருக்குப் பயிற்சி அளித்தவர்தாம் யார்?

அதே சட்டத்தின் அட்டவணை இன்னொன்றும் கூறுகிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில், பிள்ளைகள் நூற்றுக்கு மேல் இருந்தால், கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. நூற்றுக்கு மேல்! அதுவும் பகுதிநேரம்! தொண்ணூறு பிள்ளைகள் படிக்கும் சிற்றூர்க்கு ஓவியம் வேண்டாமா? ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு அந்தப் பகுதிநேரமும் இல்லை. தமிழ்நாட்டு அரசு 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அமர்த்தியது. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய் ஊதியம். 2024-இல் அது 12,500 ஆயிற்று. ஒரு பாடத்தை நாடு எவ்வளவு மதிக்கிறது என்பதை அறிய, அதைக் கற்பிப்பவரின் ஊதியத்தைப் பார்த்தாலே போதும்.

2022-இல் அரசுப் பள்ளிகளுக்குக் கலைத் திருவிழா வந்தது. பின்னர் அது தொடக்க வகுப்புகளுக்கும் விரிந்தது. மகிழ்கிறோம். மேடையேறும் ஏழைப் பிள்ளையின் முகமலர்ச்சியை மறுப்பார் யார்? ஆனால், ஆண்டு முழுதும் உழாத நிலத்திலே அறுவடைப் போட்டி வைத்தால், வெளியே பணம் கொடுத்துப் பயின்ற பிள்ளையன்றோ பரிசு பெறும்?

“எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைக்கு ஓவியம் ஒரு கேடா?” என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானது, விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, பாட்டும் கதையும் ஆடலும்தாம் எழுத்தைக் கொண்டுவரும் வழி என்று அரசே ஏற்றுக்கொண்டது. தாளை மடித்த பிள்ளைக்கு அரையும் காலும் கையிலேயே விளங்கிவிடும். தாளம் போட்ட பிள்ளைக்கு மூன்றின் பெருக்கல் தானே வரும். எழுத்துக்குப் பகையன்று ஓவியம். எழுத்தே முதலில் ஒரு கோடுதானே!

இனி, நெஞ்சில் நெடுநாள் கிடக்கும் ஓர் அச்சத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். பள்ளியில் கைத்தொழில் என்றதும் நம் மக்களுக்கு 1953 நினைவுக்கு வரும். இராசகோபாலாச்சாரியார் ஆட்சியில் சிற்றூர்த் தொடக்கப் பள்ளியின் நேரம் நாளுக்கு மூன்று மணியாகக் குறைந்தது. எஞ்சிய நேரம் வீட்டுத் தொழிலைக் கற்க என்றனர். குயவர் மகன் சக்கரத்துக்கு, வண்ணார் மகன் துறைக்கு, உழவர் மகன் ஏருக்கு! குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டுப் பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் எதிர்த்தனர், நாடே கொதித்தது. 1954-இல் காமராசர் முதல்வரானபின் திட்டம் கைவிடப்பட்டது. சரியான முடிவு.

ஆனால் அந்தப் போரிலிருந்து கற்க வேண்டிய பாடத்தை முழுமையாகக் கற்றோமா? கைத்தொழில் வேறு, குலத்தொழில் வேறு. தந்தையின் தொழிலை மகன் தலையில் கட்டுவது குலத்தொழில். எல்லாத் தொழிலையும் எல்லாப் பிள்ளைக்கும் திறந்து வைப்பது கல்வி. பறை ஒரு குலத்துக்கு, நாகசுரம் ஒரு குலத்துக்கு, வீணை ஒரு குலத்துக்கு என்று பங்கிட்ட நாடு இது. மண் பிசைபவன் தாழ்ந்தவன், ஏடு புரட்டுபவன் உயர்ந்தவன் என்று வகுத்த நாடு இது. நிலக்கிழாரின் மகள் களிமண் பிசையவும், கூலிக்காரரின் மகன் குழல் ஊதவும், இருவரும் ஒரே தாளில் வண்ணம் தீட்டவும் கூடிய ஒரே இடம் பள்ளிக்கூடம். அந்த வகுப்பை வெறுங்கட்டமாக விட்டுவிட்டால், பழைய பங்கீடு பள்ளிக்கு வெளியே அப்படியே நின்றுவிடும். பணமுள்ள வீட்டுப் பிள்ளை நடனமும் இசையும் தனியே கற்கும், இல்லாத வீட்டுப் பிள்ளை ‘எனக்கு வராது’ என்று ஒதுங்கும்.

பின்லாந்து நாட்டிலே 1866-இலேயே தொடக்கப் பள்ளிச் சட்டத்தில் கைத்தொழிலும் ஒரு பாடமாக இடம்பெற்றது. இன்று அங்கே ஆணும் பெண்ணும் ஊசியும் பிடிக்கின்றனர், உளியும் பிடிக்கின்றனர். யார் வீட்டுப் பிள்ளை என்று உளி கேட்பதில்லை.

நம்மிடம் இல்லாததா? பனைமலையிலே, இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கோயிலின் சுவரில், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓவியம் சிதைந்தும் அழியாமல் நிற்கிறது. இந்த விழுப்புர மாவட்டத்துப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்ல வேண்டும். கும்பிட அன்று, பார்க்க. அந்தக் கோட்டை இழுத்தது ஒரு மனிதனின் கை என்று சொல்லிக் காட்ட ஓர் ஓவிய ஆசிரியர் உடன் செல்ல வேண்டும்.

நாம் கேட்பது பெரிதன்று. அண்டையிலுள்ள நான்கைந்து தொடக்கப் பள்ளிகளுக்குச் சேர்த்து ஓர் ஓவிய ஆசிரியர், ஓர் இசை ஆசிரியர், ஓர் உடற்கல்வி ஆசிரியர். நாளுக்கு ஒரு பள்ளி. முழுநேரப் பணி, முழு ஊதியம். ஊரிலுள்ள குயவரும் கூத்துக் கலைஞரும் பறையிசைப்பவரும் மாதம் ஒருநாள் வகுப்புக்கு வரட்டும். அவர்களுக்கும் கூலி கொடுங்கள், அவர்களையும் ‘ஆசிரியர்’ என்றே பிள்ளைகள் அழைக்கட்டும்.

ஆள்வோர் எண்ணிப் பார்ப்பார்கள் என்று காத்திராமல் பெற்றோரும் கேட்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு; அதிலே பெற்றோரே பெரும்பான்மையினர். அடுத்த கூட்டத்திலே எழுந்து, “இந்த வாரம் என் பிள்ளை எதைப் பார்த்து வரைந்தது?” என்று கேளுங்கள். மறுமொழி வராவிட்டால், வரும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள்.